சுருட்டுக் கூடத்தில் வாக்கெடுப்பு

நம் ஊர் நூல் வெளியீடுகளில் எல்லாரும் பேசுவார்கள். டத்தோ பேசுவார், சங்கத் தலைவர் பேசுவார், புத்தகத்தைக் காரில் வரும்போது புரட்டிய ஆய்வாளர் முக்கால் மணி நேரம் பேசுவார். முதல் பிரதியைப் பெரிய தொகை கொடுத்து வாங்கியவர் படத்துக்கு நின்றுவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்பிவிடுவார். அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு, 'நூறு பக்கத்துக்கு மேல இழுக்குதுங்க' என்று சொல்லக்கூடிய ஆளுக்கு மட்டும் நிகழ்ச்சி நிரலில் இடம் இருக்காது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து மீகூன் எப்போது வரும் என்று காத்திருக்கும் அந்த ஆளைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் எழுத்தாளர்களை வரிசைப்படுத்துவார்கள், அடுத்து விமர்சகர்களை. சாதாரண வாசகன் ஒரு புத்தகத்தைப் பற்றி என்ன நினைத்தான் என்பது பெரும்பாலும் எங்கேயும் பதிவாவதில்லை. அவன் நினைத்ததற்கு விலையும் மதிப்பும் இருந்த ஓர் இடத்தைத் தேடிப் போனால் ஆக்ஸ்போர்டுக்கோ பாரிஸுக்கோ போய்ச் சேருவோம் என்றுதான் எதிர்பார்த்தேன். போய்ச் சேர்ந்த இடம் ஹவானா. அதுவும் ஒரு சுருட்டுத் தொழிற்சாலை.

1865 டிசம்பர் 21. ஸ்பெயினின் காலனியாக இருந்த கியூபாவில், எல் ஃபிகரோ என்ற தொழிற்சாலையின் சுருட்டுச் சுற்றும் கூடத்தில் ஒருவர் எழுந்து நின்று புத்தகம் வாசித்தார். சுமார் முந்நூறு பேர் கேட்டார்கள், கையில் வேலை நடந்துகொண்டே இருந்தது. அந்தக் கூடத்தைக் கண்முன் கொண்டுவந்தால்தான் இது எப்படிச் சாத்தியமானது என்று புரியும். வகுப்பறைபோல வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பலகை, ஈரப்பதம் குறையாத இலைகள், சவேத்தா என்று அவர்கள் சொல்லும் வளைந்த சின்னக் கத்தி. இயந்திரம் கிடையாது. விரல்கள் வேலையை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்கும், காது சும்மா இருக்கும். எண்ணிக்கைக்குக் கூலி. ஆகவே வாசிக்கிற ஆள் சுருட்டு சுற்ற முடியாமல் இழக்கும் கூலியை மற்றவர்கள் தங்கள் கூலியிலிருந்து ஈடுகட்டினார்கள். முதலாளி கொடுக்கவில்லை. இதை மறந்துவிடாதீர்கள், இந்தக் கதையின் எல்லாத் திருப்பங்களும் இதிலிருந்துதான் வருகின்றன.

இதற்குப் பின்னால் சத்தூர்னினோ மார்த்தினெஸ் என்று ஒருவர் இருந்தார். ஸ்பெயினின் அஸ்தூரியாஸிலிருந்து வந்தவர். பகலில் பர்தகாஸ் தொழிற்சாலையில் சுருட்டுத் தொழிலாளி, மற்ற நேரத்தில் நூலக வேலை, நடுவில் கவிதையும் எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் 'லா அவுரோரா' என்ற தொழிலாளர் பத்திரிகையைத் தொடங்கினார். நடத்திப் பார்த்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. தொழிலாளருக்கான பத்திரிகை, தொழிலாளரில் பெரும்பாலோருக்கோ எழுத்துத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டினால் உண்டு. எழுத்தறிவில்லாதவர்களுக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்காமல், எழுத்தறிவில்லாததால் சத்தமாக வாசிக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

யோசனை அதற்கு முன்பே அந்தத் தீவில் சுற்றிக்கொண்டிருந்தது. 1839இல் ஹாசிந்தோ சலாஸ் இ கிரோகா என்ற ஸ்பானிய எழுத்தாளர் கியூபாவில் ஒரு காப்பித் தோட்டத்தைப் பார்க்கப் போனார். அடிமைகள் நீள மேசையின் முன் உட்கார்ந்து மௌனமாகக் காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் ஏதாவது வாசித்துக் காட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது, எழுதியும் வைத்தார். தோட்டத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. எந்தத் தோட்ட முதலாளி கேட்பான்? பிறகு ஹவானாவில் கைதிகள் சுருட்டு சுற்றிய சிறைக்கூடத்தில் இது நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைக்கு வந்தது மூன்றாவதாகத்தான்.

எல் ஃபிகரோவில் முதலில் வாசிக்கப்பட்ட புத்தகத்தின் பெயர் 'நூற்றாண்டின் போராட்டங்கள்' என்று பொருள்படும். அடுத்த மாதமே, 1866 ஜனவரியில், பர்தகாஸ் தொழிற்சாலையும் வாசிப்பை அனுமதித்தது. முதலாளி ஹைமே பர்தகாஸ் வாசிப்பவருக்கு மேடைகூடப் போட்டுக் கொடுத்தார். தாராள மனசுதான். ஆனால் என்ன வாசிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ள முதலாளிகள் விரும்பினார்கள். வேறு சில தொழிற்சாலைகள் வேண்டவே வேண்டாம் என்றன. பழமைவாதப் பத்திரிகையான 'தியாரியோ தெ லா மரீனா' இதை எதிர்த்து எழுதியது. கடைசியில் 1866 மே 14ஆம் தேதி அரசாங்கமே ஆணை போட்டது. புத்தகம், பத்திரிகை வாசித்தோ வேலைக்குச் சம்பந்தமில்லாததை விவாதித்தோ தொழிலாளர்களின் கவனத்தைத் திருப்பக் கூடாது என்பது அதன் சாரம். வாசிப்பு தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

அந்த ஆணையில் விவாதமும் சேர்த்துத் தடை செய்யப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவன் வாசிக்க மற்றவர்கள் கேட்டு மறந்துவிட்டால் எந்த ஆளுநரும் பயப்பட மாட்டான். கேட்டவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றிச் சண்டை போட்டார்கள், சாயந்திரம் வீட்டுக்குப் போகும் வழியிலும் போட்டார்கள். ஆளுநர் மாளிகையை உறுத்தியது அந்தப் பேச்சு.

தடை கொஞ்ச நாளில் தளர்ந்தது, 1868இல் சுதந்திரப் போர் வெடித்ததும் மறுபடி இறுகியது. ஆயிரக்கணக்கான சுருட்டுத் தொழிலாளர்கள் கடல் தாண்டி ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் தீவுக்குப் போனார்கள். 1880களின் நடுவில் விசென்தே மார்த்தினெஸ் இபோர் என்ற முதலாளி டாம்பா நகரத்தின் ஓரத்தில் தொழிற்சாலைகளையும் தொழிலாளர் வீடுகளையும் கட்டி ஓர் ஊரையே உருவாக்கினார், இபோர் சிட்டி. கியூபர்கள், ஸ்பானியர்கள், சிசிலியிலிருந்து வந்த இத்தாலியர்கள் என்று கலந்து கட்டிய ஊர். வாசிப்பு முழு வடிவம் பெற்றது இங்கேதான்.

வாசிப்பவருக்கு லெக்தோர் என்று பெயர். வேலைக்கு வர வேண்டுமானால் கூடத்தில் வாசித்துக் காட்ட வேண்டும், கேட்கிறவர்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம். நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தின் கடைசி மேசைவரை குரல் போய்ச் சேர வேண்டும். நாவலில் பாட்டி பேசினால் பாட்டிக் குரல், வில்லன் பேசினால் வில்லன் குரல். அவருக்காக உயரமான ஒரு மரமேடை, திரிபூனா. வாரச் சந்தாவைத் திரட்டவும் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளவும் தொழிலாளர்களே தங்களுக்குள் ஒரு தலைவரை வைத்துக்கொண்டார்கள். காலையில் செய்தித்தாள், பிறகு தொழிலாளர் இயக்கப் பத்திரிகைகள், மதியத்துக்கு மேல் நாவல்.

எந்த நாவல் என்பதற்கும் வாக்கெடுப்புதான். ஒரு புத்தகம் முடிந்ததும் அடுத்ததற்குச் சில பெயர்கள் முன்வைக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் பேசுவார்கள், பிறகு எண்ணிக்கை. தோற்றவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அடுத்த பல வாரங்களுக்கு ஜெயித்தவர்களின் புத்தகத்தைக் கேட்டாக வேண்டும், அதற்குக் காசும் கொடுக்க வேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தக் கூடத்தில் 'நல்ல நாவல்' என்று ஒருவன் சொன்னால், தன் கூலியையும் சக தொழிலாளியின் கூலியையும் அதன்மேல் வைத்துவிட்டுச் சொல்கிறான். நாம் ஒருத்தருக்கொருத்தர் அணிந்துரை எழுதிக்கொள்கிற மாதிரி இல்லை.

வாசிக்கும்போது கருத்துச் சொல்லவும் வழி இருந்தது. பிடித்த இடம் வந்தால் சவேத்தாவைப் பலகையில் தட்டுவார்கள். நூற்றுக்கணக்கான கத்திகள் ஒரே சமயத்தில் மரத்தில் தட்டும் சத்தம் எப்படி இருந்திருக்கும்! பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். அரைகுறைப் பாராட்டுக்கும் 'ஆசிரியரின் முயற்சி வரவேற்கத்தக்கது' என்பதற்கும் அந்த மொழியில் சத்தமே கிடையாது. கருத்து எல்லை மீறியதும் உண்டு. எமில் ஸோலாவின் எழுத்தைப் பெண்களும் வேலை செய்யும் கூடத்தில் வாசிக்கலாமா கூடாதா என்ற தகராறு டாம்பாவில் ஒருமுறை துப்பாக்கிச் சண்டையில் போய் முடிந்திருக்கிறது. இதை நான் மெச்சவில்லை. ஒரு நாவல் அந்த அளவுக்கு அவர்கள் வாழ்க்கைக்குள் வந்திருந்தது, அதற்காகச் சொல்கிறேன்.

சரி, எதைத்தான் கேட்டார்கள்? செர்வாந்தெஸின் 'தோன் கிஹோத்தே', ஹ்யூகோவின் 'லே மிசரபிள்', தூமாவின் சாகச நாவல்கள், ஸோலா, தல்ஸ்தோய், ஸ்பெயினின் பெனிதோ பெரெஸ் கால்தோஸ். இவற்றோடு பக்கூனின், குரோபோத்கின், மார்க்ஸ். கொலம்பியாவின் வர்காஸ் விலா எழுதிய, உணர்ச்சி கரைபுரளும் நாவல்களுக்கும் நல்ல கூட்டம். இந்தப் பட்டியலைப் பார்த்து இரண்டு தரப்பினர் ஏமாறுவார்கள். தொழிலாளி புரட்சி இலக்கியத்தைத்தான் விரும்புவான் என்று நம்பும் தோழர்கள் ஒரு தரப்பு. மக்களுக்குப் பொழுதுபோக்கு போதும், கனமான எழுத்து அவர்களுக்கு எட்டாது என்று சொல்லும் பதிப்பாளர்கள் இன்னொரு தரப்பு. காலையில் குரோபோத்கினைக் கேட்ட அதே காது மதியம் கோமகனின் பழிவாங்கலைக் கேட்டது. இரண்டுக்கும் கத்தி தட்டியது. எழுத்துத் தெரியாத ஒரு கிழவர் 'தோன் கிஹோத்தே'யை மூன்றாவது முறை கேட்டுக்கொண்டு, எந்த அத்தியாயத்தில் வாசிப்பவர் அவசரப்படுகிறார் என்று சொல்லக்கூடிய இடம் அது. கிழவர் என் கற்பனைதான், ஆனால் பிடித்த புத்தகங்கள் திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்ட கூடங்களில் அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இருந்திருக்க முடியாது.

இந்த வரலாற்றோடு ஒட்டிக்கொண்ட ஒரு கதையை மட்டும் நான் தள்ளியே வைத்துப் பார்க்கிறேன். 'மோந்தே கிறிஸ்தோ கோமகன்' நாவலில் மயங்கிய தொழிலாளர்கள், தங்கள் சுருட்டுக்கு அந்தப் பெயரை வைக்கலாமா என்று தூமாவுக்கே கடிதம் எழுதினார்கள், அவரும் சம்மதித்தார் என்பது அந்தக் கதை. ஆல்பெர்ட்டோ மாங்குவேல் தன் 'வாசிப்பின் வரலாறு' நூலில் இதைச் சுவையாகச் சொல்கிறார். தூமா இறந்தது 1870இல். இன்று உலகம் அறிந்த மோந்தேகிறிஸ்தோ சுருட்டு சந்தைக்கு வந்தது 1935இல். நடுவில் அறுபத்தைந்து ஆண்டுகள். கடிதம் உண்மையாக இருக்கலாம், சுருட்டுப் பெட்டிக்கு அதனோடு உள்ள உறவு விற்பனைக்காகப் பின்னால் இழுத்துக் கட்டப்பட்டதுபோலத் தெரிகிறது. சுருட்டுக் கம்பெனிகள் இன்றைக்கு வாசிப்பைக் கொண்டாடுகிற விதமும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. புகை வளையத்துக்கு நடுவே புத்தகம் ஒன்றை வைத்துப் படம் பிடித்து விற்கிறார்கள். இலைத்தூசி நிறைந்த காற்றில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களின் நுரையீரல் அந்தப் படத்தில் தெரியாது.

லெக்தோர்களில் பெண்களும் இருந்தார்கள். புவெர்த்தோ ரீக்கோவின் லூயிசா கபெத்தியோ அப்படி ஒருவர். சொந்தத் தீவில் தொழிற்சாலைகளில் வாசித்துத் தொடங்கியவர், பிறகு இபோர் சிட்டியிலும் வாசித்தார். பெண் விடுதலை பற்றி நூல்கள் எழுதினார், தொழிற்சங்க மேடைகளில் பேசினார். 1915இல் ஹவானாவில் கால்சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்ததற்காகக் கைது செய்யப்பட்டார். கபெத்தியோவை இலக்கிய வரலாற்றில் எழுத்தாளராகச் சேர்க்கிறார்கள். எனக்கு அவர் வாசகியாகத்தான் முதலில் தெரிகிறார். நூறு பேருக்கு முன்னால் நாளுக்குப் பல மணி நேரம் மற்றவர்களின் எழுத்தை உரக்கப் படித்து, எந்த வாக்கியத்தில் கூடம் அசைகிறது, எதில் தூங்குகிறது என்று கண்ணால் பார்த்தவர். அப்படிப்பட்ட பயிற்சி எந்த எழுத்துப் பட்டறையிலும் கிடைக்காது.

1891 நவம்பரில் ஹொசே மார்த்தி இபோர் சிட்டிக்கு வந்து பேசியபோது, சுதந்திரப் போருக்குக் கூலியில் பங்கு கொடுக்கத் தயாராக ஒரு கூட்டம் அங்கே இருந்தது. அதை உருவாக்கியதில் வாசிப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்று கியூப வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். நான் அதற்குள் விரிவாகப் போகவில்லை, அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

சுருட்டுக்கும் வாசிப்புக்கும் ஏன் இந்த உறவு? கியூப அறிஞர் ஃபெர்னாந்தோ ஓர்த்திஸ் 1940இல் எழுதிய புகையிலை, சர்க்கரை பற்றிய புகழ்பெற்ற நூலில் இதற்கு எளிமையான பதில் இருக்கிறது. புகையிலை வேலையில் சத்தமில்லை. சர்க்கரை ஆலையின் இரைச்சலில் யாரும் யாருக்கும் எதையும் வாசிக்க முடியாது. நியூயார்க்கில் 1870களில் சுருட்டு சுற்றிய சாமுவேல் கோம்பர்ஸ், பின்னாளில் அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரானவர், தாங்களும் மாறி மாறி வாசித்ததையும், வாசித்தவருக்கு நஷ்டம் வராமல் மற்றவர்கள் தங்கள் சுருட்டுகளில் சிலவற்றைக் கொடுத்ததையும் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கேரளத்தின் கண்ணூரில் பீடித் தொழிலாளர்களும் இதையேதான் செய்தார்கள். ஒருவர் பத்திரிகை வாசிக்க, அவருடைய கணக்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள். கண்ணூர்க்காரர்கள் ஹவானாவைப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. வேலையின் தன்மை ஒன்றாக இருந்தது, மனிதர்களும் ஒரே மாதிரி யோசித்தார்கள்.

இந்த இடத்தில்தான் நம் தோட்டங்கள் ஞாபகத்துக்கு வந்தன. பால்மரக் காட்டில் இது நடந்திருக்கவே முடியாது. விடியுமுன் பெரட்டு, பிறகு ஆளுக்கு ஒரு நிரை. பக்கத்து நிரையில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கத்த வேண்டும். வெட்டுக்கத்தியும் மங்கும் வாளியுமாக ஒவ்வொருவரும் தனித்தனி. கித்தா மரம் மனிதர்களைப் பிரித்து நிறுத்தியது. ஆகவே நம் ஆட்களின் வாசிப்பு சாயந்திரத்துக்குத் தள்ளிப்போனது. பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் சீவிய என் பாட்டி, லயத்து வாசலில் வாத்தியார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்த தொடர்கதையை வாசித்ததைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "அவரு சும்மா படிக்க மாட்டாருய்யா, நடுவுல நிறுத்தி எங்க மூஞ்சியப் பாப்பாரு. அந்தப் புள்ளைய எதுக்குச் சாவடிச்சானுங்கன்னு நாங்க கேட்டா, என்னைக் கேக்காதீங்க ஆத்தா, எழுதுனவனக் கேளுங்கம்பாரு." எழுதியவனிடம் யாரும் கேட்கவில்லை. பாட்டிக்கு எழுதத் தெரியாது, வாசகர் கடிதம் பகுதிக்கு அந்தக் கேள்வி போய்ச் சேரவில்லை. மலாயாத் தமிழ் இலக்கியம் பற்றி நாம் வைத்திருக்கும் கருத்துகள் முழுக்க எழுதத் தெரிந்தவர்களின் கருத்துகள். கேட்டு ரசித்தவர்கள், கேட்டுச் சலித்தவர்கள், எல்லாரும் கணக்கில் வராமலே போய்விட்டார்கள்.

செய்தித்தாளுக்கும் தோட்டத்துக்கும் இருந்த உறவை அதிகாரம் மட்டும் சரியாகப் புரிந்துவைத்திருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியபோது, அதை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையின் துணையாசிரியராக இருந்தவர். கூலி உயர்வு, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை, இவற்றோடு பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் கோரிக்கைகளில் இருந்தன. மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். ராணுவம் இறங்கியது, தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள்.

டாம்பாவில் முடிவு துப்பாக்கி இல்லாமலே வந்தது. 1931, பொருளாதார மந்த காலம். கையால் சுற்றிய சுருட்டுக்குச் சந்தை சுருங்கிக்கொண்டிருந்தது, இயந்திரங்கள் வந்துகொண்டிருந்தன. லெக்தோர்கள் கம்யூனிஸ்ட் பிரசுரங்களை வாசிக்கிறார்கள் என்று முதலாளிகள் குற்றம் சாட்டினார்கள். நவம்பர் கடைசியில் தொழிலாளர்கள் வேலைக்கு வந்தபோது கூடங்களில் திரிபூனாக்கள் பிடுங்கப்பட்டிருந்தன. அவர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். முதலாளிகள் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். மறுபடி திறந்தபோது வாசிப்பவர் இல்லை. அந்த இடத்துக்குக் கொஞ்ச நாளில் வானொலி வந்தது.

வானொலிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, வாக்கெடுப்பும் கிடையாது. கத்தியைத் தரையில் போட்டாலும் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும்.

வேலை போன லெக்தோர்கள் வெவ்வேறு பக்கம் சிதறினார்கள். விக்தோரியானோ மந்தேய்கா என்ற லெக்தோர் 1922இலேயே 'லா காசேத்தா' என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்ததால் தப்பித்தார். நீலோ குரூஸ் என்ற கியூப அமெரிக்க நாடகாசிரியர் இபோர் சிட்டியின் கடைசி லெக்தோர்களை வைத்து எழுதிய 'வெப்பமண்டலத்தில் அன்னா' நாடகத்துக்கு 2003இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதில் வாசிக்கப்படும் நாவல் 'அன்னா கரீனினா'. கேட்கிற குடும்பத்தின் வாழ்க்கைக்குள் அந்த நாவல் மெல்ல மெல்ல இறங்குவதுதான் கதை. கிடைத்தால் படித்துப் பாருங்கள்.

கியூபாவிலும் 1920களிலேயே வானொலி தொழிற்சாலைக்குள் வந்துவிட்டது, ஆனால் அங்கே வாசிப்பைத் துரத்த முடியவில்லை. புரட்சிக்குப் பிறகு லெக்தோருக்குச் சம்பளம் கொடுக்கும் கை மாறியது, காலையில் வாசிக்கப்படும் செய்தித்தாள் அரசுக் கட்சியின் 'கிரான்மா' ஆனது. கூலியிலிருந்து காசு கொடுத்த காலத்தின் சுதந்திரம் இன்று அப்படியே இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். 2012இல் கியூபா இந்த வாசிப்பைத் தேசத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. இப்போது ஒலிபெருக்கி இருக்கிறது, லெக்தோர்களில் பெண்கள் நிறைய. மதியத்துக்கு மேல் நாவல் வாசிக்கிறார்கள், அடுத்தது எது என்று கூடத்தைக் கேட்கிறார்கள். பிடித்த இடம் வந்தால் கத்தி இன்னும் பலகையில் தட்டுகிறது.